பந்து வீசும் தோளுக்கு வரம்பு உண்டா?

ஒருவன் தன் ஆற்றல் முழுவதையும் மனமுவந்து கொடுக்க முன்வரும்பொழுது, 'போதும், நிறுத்திக்கொள்' என்று சொல்லும் உரிமை மற்றவர்க்கு உண்டா? உண்டென்றால் யாருக்கு? அறநூல் கற்போர் மட்டும் கேட்டுப் பார்க்கும் வினா அன்று இது. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் போட்டிகள் ஆடியபொழுது, வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் விவாதிக்கப்பட்டது இவ்வினாவே. விளையாட்டுச் செய்திதானே என்று ஒதுக்கிவிடாமல் சற்று நின்று நோக்கினால், நம் பிள்ளைகளின் உடலைப் பற்றியும், உழைப்பவனுக்கும் அவ்வுழைப்பின் பயனைப் பெறுகிறவனுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றியும் அது நிறையவே பேசுகிறது.

நடந்தது இது. இந்திய அணியின் முதன்மையான வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ரா, ஐந்து போட்டிகளில் மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று தொடர் தொடங்குமுன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. காரணம் அவருடைய முதுகு. முதுகு வலியால் 2022ஆம் ஆண்டின் இருபது ஓவர் உலகக் கோப்பையில் அவர் ஆட இயலவில்லை. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறி வந்தவர், 2024ஆம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவில் 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 2025 ஜனவரியில் சிட்னியில் நடந்த அத்தொடரின் கடைசிப் போட்டியிலேயே முதுகு மறுபடியும் இடம் கொடுக்காமல், அணி பந்து வீச வேண்டிய நேரத்தில் வெளியில் அமர்ந்திருந்தார். இத்தகைய ஒருவருக்கு எண்ணிக் கொடுப்பதுதான் அறிவு என்று அணியினர் கருதியதில் வியப்பில்லை.

மறுபுறம் முஹம்மது சிராஜ். ஹைதராபாத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகனாகப் பிறந்து, டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி மேலே வந்தவர். இங்கிலாந்தில் ஐந்து போட்டிகளிலும் அவர் ஆடினார். வீசியது 185 ஓவரும் மூன்று பந்தும், அதாவது 1113 பந்துகள். எடுத்தது 23 விக்கெட்டுகள். அத்தொடரில் வேறு எவரும் அத்தனை எடுக்கவில்லை. ஆகஸ்ட் 4ஆம் நாள் காலை, லண்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்து வெற்றிபெற 35 ஓட்டங்களே தேவை. கையில் நான்கு விக்கெட்டுகள். அந்நான்கில் மூன்றைச் சிராஜ் வீழ்த்தினார். 6 ஓட்ட வித்தியாசத்தில் இந்தியா வென்றது. தொடர் இரண்டுக்கு இரண்டு என்று சமமாயிற்று. இந்தியா வென்ற இரண்டு போட்டிகளிலும் பும்ரா ஆடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்த மக்கள், வரம்பு பேசுவோரை எள்ளி நகையாடத் தொடங்கினர். சுனில் கவாஸ்கர் போன்ற மூத்த வீரரே, பணிச்சுமை என்னும் சொல் இந்திய கிரிக்கெட்டின் அகராதியிலிருந்து நீங்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். எல்லையில் குளிரில் நிற்கும் படைவீரன் முறையிடுகிறானா என்று கேட்டார்.

கேட்பதற்கு நெஞ்சை அள்ளும் வாதம்தான். ஆயினும் அதை ஏற்க இயலவில்லை. புயல் வீசும் நாளில் கடலுக்குச் சென்ற ஒருவன் வலை நிறைய மீனோடு திரும்பி வந்தான் என்பதால், புயலில் கடலுக்குப் போகலாம் என்று ஆகிவிடுமா? திரும்பி வந்தவனைத்தான் கரையில் நின்று கொண்டாடுகிறோம். திரும்பாதவன் கணக்கில் வருவதில்லை.

கபில் தேவை எடுத்துக்காட்டுவோர் பலர். 131 டெஸ்ட் போட்டிகள், 27740 பந்துகள், 434 விக்கெட்டுகள்; காயத்தால் ஒரு டெஸ்ட் போட்டியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் டெஸ்டில் நாற்பதாயிரம் பந்துகளைக் கடந்தவர். உண்மை. ஆனால் அந்த ஆண்டர்சனுக்கே 2006இல் முதுகெலும்பில் விரிசல் கண்டது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். சென்னையில் 1987இல் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சுப் பயிற்சிக்கூடம் தொடங்கியபொழுது ஆசானாக வந்து, கால் நூற்றாண்டுக் காலம் நம் இளைஞர்களுக்குக் கற்பித்த டென்னிஸ் லில்லி யார்? 1973இல் முதுகெலும்பு முறிவுகளோடு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பியவர். இனி ஆட முடியுமா என்ற ஐயத்துக்கு ஆளானவர். நம் சென்னை லட்சுமிபதி பாலாஜி 2004ஆம் ஆண்டு பாகிஸ்தான் சுற்றுப் பயணத்தில் இரு நாட்டு மக்களின் அன்பையும் பெற்றார். சிறிது காலத்தில் முதுகெலும்பு முறிவு அவரைப் பிடித்தது. மீண்டும் இந்தியாவுக்கு ஆட 2009 ஆயிற்று. வீசும் முறையையே மாற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா சென்று, 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்கு அறிமுகமானவர். அதே ஆண்டு ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒரு கபிலைக் கண்டு விதி எழுதுவதா, இவர்களையும் கண்டு எழுதுவதா?

உடலுக்குள் நிகழ்வது என்ன என்று அறிந்துகொண்டால் வாதம் தெளிவாகும். வேகமாக ஓடி வந்து பந்தை விடும் நொடியில், முன்கால் தரையில் ஊன்றும்பொழுது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை அக்காலின் வழியே ஏறுகிறது. அதே நொடியில் இடுப்புக்கு மேற்பட்ட உடல் வளைந்தும் முறுகியும் திரும்புகிறது. இவ்விரண்டும் கூடி விழும் இடம் கீழ் முதுகெலும்பின் ஒரு மெல்லிய பகுதி. ஒரு பந்தால் அது முறிவதில்லை. ஒவ்வொரு நாளும் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓய்வு கிடைத்தால் எலும்பு தன்னைத் தானே சீராக்கிக்கொள்கிறது. சேதம் சீராக்கலை முந்திவிட்டால் விரிசல். இளைஞர்களுக்கு இது இன்னும் கொடுமை. ஏனெனில் கீழ் முதுகின் எலும்பு, இருபது வயதைக் கடந்த பின்னும் சில ஆண்டுகள் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆள் வளர்ந்துவிட்டான், மீசை அரும்பிவிட்டது, எலும்பு மட்டும் இன்னும் சிறுவனுடையது.

இதில் அஞ்சத்தக்க செய்தி ஒன்றுண்டு. சேதம் சேர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் வலி பெரும்பாலும் இராது. வலி வரும்பொழுது விரிசல் வந்து சேர்ந்திருக்கும். அளவு மீறி வீசியதன் பயன் அன்றே தெரியாமல், சில வாரங்கள் கழித்துத் தெரிவதும் உண்டு. ஆகவே 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று வீரனைக் கேட்டு, அவன் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொன்னதும் பந்தை மறுபடியும் அவன் கையில் கொடுப்பது நேர்மையான விசாரணை ஆகாது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாமல் சேரும் கேட்டை எண்ணால்தான் அளக்க முடியும் என்பதைச் செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர்க்கு விளக்க வேண்டியதில்லை. திருவிடந்தையைக் கடந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம். அதற்கும் அப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அங்குக் கதிரியக்கப் பகுதியில் வேலை செய்கிறவர் மார்பில் ஒரு சிறு வில்லையை அணிந்துகொண்டுதான் உள்ளே போகிறார். அவர் உடல் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது என்பதை அது பதிவு செய்கிறது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, ஐந்தாண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நான் திடமாக இருக்கிறேன், வேலையை முடித்துவிடுகிறேன்' என்று அத்தொழிலாளி மன்றாடினாலும் பயனில்லை. அவருடைய துணிவு அங்கே பேசப்படுவதில்லை, வில்லை பேசுகிறது. இதனால் அத்தொழிலாளியின் மானம் குறைந்துவிட்டதாக யாரும் கருதுவதில்லையே! பந்து வீசுகிறவனிடம் மட்டும் ஏன் வீரத்தை விலையாகக் கேட்கிறோம்?

இனி, எண்ணை நம்புவோரையும் சற்றுக் கேள்வி கேட்க வேண்டும். எண்ணும் வழக்கத்தை முதிர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில் தொடக்கப் பந்தெறிவாளர் ஏறத்தாழ நூறு பந்துகளை நெருங்கியதும் மாற்றப்படுகிறார். நூறு என்பது மருத்துவம் கண்டுபிடித்த எண் அன்று. கைக்குப் பத்து விரல் இருப்பதால் மனிதனுக்குப் பிடித்துப்போன எண் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷா என்னும் பெரும் வீரர், எதிரணியில் ஒருவரையும் தளம் சேர விடாமல் ஏழு சுற்றுகள் எறிந்திருந்தார். இன்னும் இரண்டே சுற்றுகள் அவ்வாறு எறிந்திருந்தால் வரலாறு. எறிந்தது 80 பந்துகள்தாம், நிறுத்திவிட்டார்கள். பார்வையாளர் பலர் சினந்தனர். அவரோ அம்முடிவை ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவு எண்ணியும் அங்கே முழங்கைக் காயங்கள் குறைந்தனவா? இல்லை. 1974இல் டாமி ஜான் என்ற வீரருக்கு முதன்முதலாகச் செய்யப்பட்டு அவர் பெயராலேயே வழங்கும் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை, இன்று அங்கே அன்றாடச் செய்தி. 2024 டிசம்பரில் அமெரிக்கப் பெரும் லீக் நிர்வாகமே வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒவ்வொரு பந்தையும் உச்ச வேகத்தில், முழு ஆற்றலோடு எறியும் போக்கையே முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. 'எப்படியும் நூறோடு நிறுத்திவிடுவார்கள்' என்று தெரிந்தவன், முன்பு நூற்றைம்பதில் பரப்பிச் செலவிட்ட ஆற்றலை நூறிலேயே கொட்டித் தீர்க்கிறான். வரம்பே புதியதொரு கேட்டுக்கு வாயிலாயிற்று. கிரிக்கெட்டிலும் அளவுக்கு மீறிய ஓய்வு தீங்கே. பல வாரம் சும்மா இருந்த உடலைத் திடீரென்று ஒரு போட்டியில் ஐம்பது ஓவர் வீசச் செய்தால், நாள்தோறும் அளவாக வீசிப் பழகியவனைவிட அவனுக்கே ஆபத்து மிகுதி. ஆகையால் எண்ணிக்கை என்பது ஒரு வேலியே; வேலி போட்டதனால் மட்டும் வயல் விளைந்துவிடாது.

உடலை அமானிதம் என்று சொல்வது நம் இல்லங்களில் வழங்கும் பேச்சு. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பாழாக்கக் கூடாது என்பது அதன் ஒரு பக்கம். பூட்டிவைத்துத் துருப்பிடிக்க விடவும் கூடாது என்பது மறு பக்கம். வரம்பைப் பற்றிய பேச்சில் முதற் பக்கத்தையே எல்லாரும் காண்கிறார்கள்.

வரம்பை விதிப்பவர் யார் என்பது அதனினும் பெரிய வினா. ஐ.பி.எல். போட்டிகளில் ஒரு பந்து வீச்சாளர் ஓர் ஆட்டத்தில் 24 பந்துகளே வீசுகிறார். ஆயினும் ஏறத்தாழ இரண்டு மாதம், ஊர் ஊராகப் பயணம், இரவில் ஆட்டம். அங்கு அவர் உடலுக்குப் பணம் கொடுத்தவர் அணியின் உரிமையாளர். டெஸ்ட் போட்டியில் அவ்வுடலை எதிர்பார்த்திருப்பது கிரிக்கெட் வாரியம். இருவரும் வரம்பு வேண்டும் என்கிறார்கள், மற்றவர் ஆட்டத்தில்! தன் ஆட்டத்துக்கு வரும்பொழுது இருவர்க்கும் நா எழுவதில்லை. இத்தகைய வரம்பு, பொருளைப் பேணும் முதலாளியின் சிக்கனமே அன்றி, ஆளைப் பேணும் அறம் ஆகாது.

அன்றியும், ஓய்வெடுப்பவன் வயிற்றுக்கு வழி என்ன? வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்பது தமிழ்நாட்டில் நடைமுறை. 45 நாட்களாக இருந்ததை 2017இல் நீட்டினார்கள். மீன்கள் இனம் பெருகக் கடலுக்குக் கொடுக்கும் ஓய்வு அது. அவ்விரு மாதமும் மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. தொகை போதுமா என்பது வேறு வழக்கு. ஓய்வு விதிக்கிறவனே ஓய்வுக்குக் கூலியும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற நீதியை அவ்வேற்பாடு ஒப்புக்கொள்கிறது அல்லவா? 2024-25 ஆண்டுக்கான வாரிய ஒப்பந்தத்தில் பும்ராவுக்கு 7 கோடி ரூபாய், சிராஜுக்கு 5 கோடி. ஒரு போட்டியில் உட்கார்ந்தாலும் அவர்கள் வீட்டு அடுப்பு அணையாது. ரஞ்சிக் கோப்பையில் ஆடும் இளைஞனுக்கு நாளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. பதினொருவரில் அவன் பெயர் இல்லையென்றால் ஊதியம் குறையும். இரண்டு முறை இல்லையென்றால் இடமும் போகும். அவனைப் பார்த்து, 'முதுகு வலித்தால் சொல்லிவிடு தம்பி' என்பது, சொல்லாதே என்பதற்கு ஒப்பாகும். கூலியோடு கூடாத வரம்பு ஏழைக்குத் தண்டனை.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. எனக்குக் கவலை மிகுதியாக உள்ளது அங்கேதான். கோவளத்திலிருந்து திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிப்புலம் என்று மாமல்லபுரம் வரையிலான ஊர்களில் விடுமுறை நாளில் வந்து பாருங்கள். இறுகிய மணலிலும் தரிசு நிலத்திலும் பிள்ளைகள் பந்து வீசிக்கொண்டிருப்பார்கள். பதினான்கு வயதில் சற்று உயரமாக வளர்ந்து வேகமாக வீசத் தெரிந்த ஒரு பையன் இருந்தால் போதும். காலையில் பள்ளி அணி, பகலில் ஊர் அணி, மாலையில் அடுத்த ஊர் நடத்தும் போட்டியில் இரவல் ஆள். யாரும் அவனை வருத்துவதாக நினைப்பதில்லை, அன்பினாலேயே கேட்கிறார்கள். அவனும் மகிழ்ச்சியாகவே போகிறான். அன்று அவன் வீசிய பந்துகள் எத்தனை என்று அவன் வாப்பாவைக் கேளுங்கள், பயிற்சியாளரைக் கேளுங்கள். எடுத்த விக்கெட்டுகளைச் சொல்வார்கள்.

ஆண்டுக்குக் கோடி கோடியாகப் பொருள் ஈட்டும் ஒரு தோளுக்கு மருத்துவர், பயிற்சியாளர், கணிப்பொறி என்று ஒரு கூட்டமே கணக்கெழுதுகிறது. முறிந்தால் கேட்பாரற்றுப்போகும் தோளுக்கு ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் இல்லை. உலகில் பிற இடங்களில் சிறுவர்க்கென விதி செய்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம், பதின்மூன்று வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளன் தொடர்ந்து 5 ஓவருக்கு மேலும், நாள் முழுதும் சேர்த்து 10 ஓவருக்கு மேலும் வீசக் கூடாது என்று நெடுங்காலம் வகுத்திருந்தது. அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2007இல் பந்துகளை எண்ணத் தொடங்கியது. பதினொன்று, பன்னிரண்டு வயதினர்க்கு நாளுக்கு 85. 66ஐ எட்டிவிட்டால் நான்கு நாள் எறியக் கூடாது.

ஜப்பானியரின் கதை இன்னும் படிப்பினை நிறைந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோஷியன் பேஸ்பால் போட்டி நாடே கண்ணீரோடு காணும் விழா. 1998இல் மட்சுசாகா என்ற மாணவர் ஒரே ஆட்டத்தில் 17 சுற்றுகள், 250 பந்துகள் எறிந்தார். அதைத் தியாகம் என்று போற்றினார்கள். 2018இல் யோஷிதா என்ற மாணவர் ஆறு ஆட்டங்களில் 881 பந்துகள் எறிந்தபொழுதுதான், போற்றிய நாட்டுக்கே கை நடுங்கிற்று. 2020 முதல், ஒரு வாரத்துக்கு 500 பந்துகள் என்று வரம்பு வந்தது. 500 என்பது தாராளம் என்றே சொல்வேன். ஆனால் பிள்ளைகளின் வலியைத் தியாகம் என்று பாராட்டிப் பழகிய ஒரு சமுதாயம், அப்பாராட்டை நிறுத்திக்கொண்டு எண்ணத் தொடங்கியது சிறிய செயல் அன்று.

சிறுவர்க்கு வரம்பு வேண்டும். அது அவர்கள் விருப்பத்தைக் கேளாமலே விதிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பதினான்கு வயதுப் பையனின் சம்மதம், அவன் உடலைப் பற்றிய வரையில், சம்மதம் ஆகாது. வளர்ந்த மனிதன் செய்தி வேறு. 2025 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தின் கடைசி நாளில், இங்கிலாந்துத் தலைவர் பென் ஸ்டோக்ஸ் ஒருமுறை ஒன்பது ஓவருக்கு மேலும், மறுமுறை பத்து ஓவரும் இடைவிடாமல் வீசினார். போட்டியை வென்றார், தோள் காயத்தால் ஓவல் போட்டியில் ஆடவில்லை. பந்தைக் கேட்டவரும் அவரே, கொடுத்தவரும் அவரே. தன் உடல் எதை இழக்கக்கூடும் என்று அறிந்து, எதற்காக என்றும் அறிந்து, இழந்தாலும் வாழ்வதற்கு வழியுள்ள ஒருவர் தாமே எடுத்த முடிவு அது. அதைத் தடுக்க நான் யார்? ஓவலில் சிராஜ் வீசிய அக்கடைசிக் காலையையும் இவ்வாறே மதிக்கிறேன், மகிழ்ந்தும் பார்த்தேன்.

ஆனால் அறிவும், வழியும், மறுத்துச் சொல்லும் தைரியமும் ஒருங்கே வாய்த்தவர் அணியில் எத்தனை பேர்? புதிதாக வந்த இருபது வயது இளைஞனிடம் தலைவர் பந்தை நீட்டி, 'இன்னும் இரண்டு ஓவர்?' என்று கேட்கிறார். அக்கேள்விக்கு 'இல்லை' என்ற விடையும் உண்டு என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவனுக்குப் பதிலாக 'இல்லை' என்று சொல்ல, மைதானத்துக்கு வெளியே, அணியின் வெற்றியால் சம்பளம் உயராத ஒரு மருத்துவர் வேண்டும். அவர் சொல்லைத் தலைவரோ உரிமையாளரோ மீற முடியாதபடி விதி வேண்டும். கடற்கரைப் பையனுக்கு மருத்துவர் கிடைக்கமாட்டார். அவனுக்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு; நாளும், வீசிய ஓவரும், அடுத்த நாள் காலையில் முதுகு எப்படி இருந்தது என்பதும் அதில் எழுத வேண்டும். மூன்று அணிகளுக்கு அவன் ஆடினாலும் நோட்டு ஒன்றே இருக்க வேண்டும். அதை அணிகளிடம் கொடுக்காமல் வீட்டில் உம்மாவின் கையில் கொடுத்து வைப்பது நல்லது.